அது எப்போ நடந்துச்சு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலெக்ஸ் மைக்கேலிடீஸ் எழுதிய ‘தி சைலன்ட் பேஷன்ட்’ நாவலின் முடிவைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்து முடித்த பிறகு வாருங்கள், நான் எங்கும் போகப்போவதில்லை.

2019-ல் வந்த புத்தகம். எங்கள் கையில் கிடைத்தது இந்த வருடச் சாரலில்தான். எங்கள் என்றால் நான்கு பேர். செங்கோட்டைப் பக்கம் புளியரையில் இருக்கும் நர்ஸ் அக்கா, பிரானூர் பார்டரில் மரம் அறுக்கும் மில்லில் கணக்கு பார்க்கும் அண்ணாச்சி, கல்லூரி கடைசி வருடம் படிக்கும் தம்பி, அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். எதிரே வயல், அதற்குப் பின்னால் மலை, சாரல் அடிக்கிற நாட்களில் மலை இருக்கும் இடமே தெரியாது. நர்ஸ் அக்காவின் மகன் கொல்லத்தில் வேலை பார்க்கிறார், வரும்போதெல்லாம் புத்தகம் வாங்கி வருவார். ஒரே பிரதிதான், நான்கு வீட்டுக்கும் சுற்றி வந்தது. கடைசியாக அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்தபோது ஓரத்தில் பென்சில் கோடுகள் நிறைய இருந்தன. அவர் இங்கிலீஷை மெதுவாகத்தான் படிப்பார், ஆனால் ஒரு வரி விடமாட்டார்.

கதை தெரியாதவர்கள் யாராவது இன்னும் இருந்தால் அவர்களுக்காகச் சுருக்கமாக. லண்டனில் அலிசியா என்று ஒரு ஓவியர். கணவன் கேப்ரியல் ஃபேஷன் போட்டோகிராபர். ஒருநாள் ராத்திரி அவள் அவனை முகத்தில் ஐந்து முறை சுட்டுக் கொன்றுவிடுகிறாள், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னையே ஒரு படமாக வரைந்து அதற்கு ‘அல்செஸ்டிஸ்’ என்று பெயர் மட்டும் எழுதி வைக்கிறாள். ஆறு வருடம் ஒரு மனநலக் காப்பகத்தில் வாய் திறக்காமல் கிடக்கிறாள். தியோ ஃபேபர் என்ற மனநல சிகிச்சையாளர், அவளைப் பேச வைத்தே தீருவேன் என்று அங்கே வேலைக்குச் சேர்கிறார். கதையைச் சொல்வது அவர். நடுநடுவே தன் வீட்டுக் கதையும் சொல்கிறார், மனைவி கேத்திக்கு வேறொரு ஆளோடு தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்து, பின்னாலேயே போய், அந்த ஆளின் வீட்டையும் பார்த்துவிடுகிறார். இந்தப் பக்கம் சிகிச்சை, அந்தப் பக்கம் குடும்பம், இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதாக நாம் படித்துக்கொண்டே போகிறோம். முடிவில்தான் தெரிகிறது, வீட்டுக் கதை ஆறு வருடம் முந்தையது. கேத்தியோடு பழகிய ஆள் கேப்ரியல்தான். அந்த ராத்திரி முகமூடி போட்டுக்கொண்டு அலிசியா வீட்டுக்குள் புகுந்து, இரண்டு பேரையும் கட்டிப்போட்டு, ஒருவர் சாகவேண்டும், யார் என்று நீயே சொல் என்று கேப்ரியலிடம் கேட்டவர் தியோ. கேப்ரியல் தன் உயிரைக் கேட்டான். தியோ கிளம்பிப் போனபிறகு அலிசியா சுட்டாள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து புரட்டினேன்.

திண்ணையில் முதலில் வாயைத் திறந்தது அண்ணாச்சி. அவருக்குக் கோபம். “இது ஏமாத்து வேலைம்மா. அந்தப் பொண்ணு டைரிக்குத் தேதி போட்டிருக்கு. இவன் வீட்டுக் கதைக்கு மட்டும் தேதியே கிடையாது. தேதி இல்லாத வவுச்சரை நான் பாஸ் பண்ணுவேனா?” என்றார். நாற்பது வருடமாக பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவலிலிருந்து எல்லாவற்றையும் படித்தவர், அவருக்கு ஒரு கணக்கு உண்டு. வாசகன் கையில் எல்லாச் சீட்டையும் கொடுத்துவிட்டு அப்புறம் ஜெயிக்கவேண்டும், ஒரு சீட்டை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு ஜெயித்தால் அது ஜெயிப்பு இல்லை.

இந்தச் சண்டை பழைய சண்டை. 1926-ல் அகதா கிறிஸ்டி ஒரு நாவலில் கதை சொல்கிறவரை வைத்தே இப்படி ஒரு காரியம் செய்தார் (எந்த நாவல் என்று சொல்லமாட்டேன், இன்னும் படிக்காதவர்கள் இருப்பீர்கள்), அப்போதே பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் மோசடி என்றார்கள். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், பத்துக் கட்டளை போல விதிகள் போட்டார். துப்பறிகிறவரின் கூடவே வரும் நண்பன் தன் மனதில் ஓடும் எதையும் வாசகனிடம் மறைக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அண்ணாச்சி நாக்ஸைப் படித்ததில்லை. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அதையேதான் சொன்னார்.

தம்பி அவரோடு மல்லுக்கு நின்றான். “அண்ணாச்சி, அவன் எங்கயாவது பொய் சொன்னானா? ரெண்டும் ஒரே சமயம் நடக்குதுன்னு அவன் சொல்லவே இல்ல, நாமதான் நினைச்சுக்கிட்டோம்.” அது உண்மைதான். நானும் இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து தேடினேன், நேரடியான பொய் என்று ஒன்றையும் காட்ட என்னால் முடியவில்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு குறை இருக்கிறது. அலிசியாவின் டைரி. யார் பேசியது, என்ன பதில், எப்படித் திரும்பிப் பார்த்தாள் என்று பக்கம் பக்கமாக உரையாடலோடு டைரி எழுதுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அது டைரி இல்லை, நாவலாசிரியருக்கு வசதியான இடம், அவ்வளவுதான். அந்த இடங்களில் எனக்குப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை தளர்ந்தது, அதை மறைக்கமாட்டேன்.

தம்பி முடிவை முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான். அப்புறம் கேட்டால் ஏதோ வீடியோவில் பாதி கேட்டிருக்கிறான். அண்ணாச்சி உடனே, “முடிவு தெரிஞ்சப்புறம் எதுக்குப் படிக்கணும்?” என்றார். நர்ஸ் அக்கா அதுவரை பேசாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், “முத்துப்பட்டன் கதைல முடிவு தெரியாம எவன் கொடைக்கு வர்றான்?” என்று கேட்டார். எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், பட்டன் சாகப்போகிறான் என்பது குழந்தைக்கும் தெரியும், அவன் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் என்ன ஆவார்கள் என்பதும் தெரியும், இருந்தாலும் வில்லடிக்கிறவர் அந்த இடத்துக்கு வரும்போது கிழவிகள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 2011-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் பெரும்பாலான கதைகளை அதிகம் ரசித்தார்களாம், திருப்பம் உள்ள கதைகளையும் சேர்த்து. இதை நான் சொன்னதும் அக்கா, “இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா, காரையாறுக்குப் போனாப் போதாதா” என்றார். சொரிமுத்து அய்யனார் கோயில் அங்கேதான் இருக்கிறது, பட்டனுக்கும் அங்கே இடம் உண்டு.

ஆனாலும் இந்தப் புத்தகத்தை முடிவு தெரியாமல்தான் முதலில் படிக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். முடிவு தெரிந்தால் ரசனை போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை. தெரியாமல் படித்தால்தான் நாம் என்ன செய்தோம் என்பது நமக்கே தெரியவரும். அதற்கு வருகிறேன்.

நர்ஸ் அக்கா திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடை மனநல மருத்துவமனையில் முப்பது வருடத்துக்குப் பக்கம் இருந்தவர். 1870-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி மலைக்கு அந்தப் பக்கம் ‘ஊளம்பாறை’ என்று ஒரு வார்த்தை. யாராவது கேலிக்குக்கூட அந்த வார்த்தையைச் சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவார். அவர் படித்தது எங்களைப் போல இல்லை. வார்டு விவரமெல்லாம் சரியாக இருக்கிறது, உள்ளே இருந்து பார்த்தவன்தான் எழுதியிருக்கிறான் என்றார். (உண்மைதான், மைக்கேலிடீஸ் மனநல சிகிச்சை படித்து, இளவயதினருக்கான ஒரு மனநலப் பிரிவில் பகுதி நேரமாக வேலை பார்த்தவர்.) பேசாமலே கிடக்கும் நோயாளிகளைப் பற்றி அன்றைக்கு நிறையச் சொன்னார். பேசாமல் இருப்பதில் பல மாதிரி உண்டாம். சிலர் பேச்சோடு சேர்த்துச் சாப்பாடு, அசைவு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், தூக்கி வைத்த கை அப்படியே நிற்கும், அவர்களுக்கு லோரசிபாம் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்கிறவர்களும் உண்டு. சிலர் எல்லாம் கேட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டு, பேசக்கூடாது என்று இருப்பார்கள். “அவங்க கண்ணு நம்ம பின்னாடியே வரும் மோளே” என்றார்.

அக்காவுக்கு எந்த இடத்தில் சந்தேகம் வந்தது தெரியுமா? திருப்பம் வருவதற்கு ரொம்ப முன்னால். தியோ யாரிடமும் சொல்லாமல் அலிசியாவின் மைத்துனர், ஓவியக் கூடம் நடத்துகிறவர், அத்தை மகன், பக்கத்து வீட்டுக்காரி என்று ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார் இல்லையா, அங்கே. நானும் தம்பியும் அதைத் துப்பறியும் கதையில் வழக்கமாக வருகிற விஷயமாக எடுத்துக்கொண்டு வேகமாகப் படித்துவிட்டோம். அக்கா அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டாராம். “சிகிச்சை கொடுக்கறவன் பேஷன்ட்டோட சொந்தக்காரங்க வீட்டுக்குத் தனியாப் போக மாட்டான். போனா அன்னைக்கே மெமோ. இவனுக்கு அவ குணமாகறது வேண்டாம், வேற என்னமோ வேணும்னு எனக்குத் தோணிச்சு.” முடிவு என்ன என்று அவர் ஊகிக்கவில்லை, ஊகிக்க முயற்சிக்கவும் இல்லை. அந்த ஆள் சரியில்லை என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

அண்ணாச்சி தேதி இல்லாததைப் பிடித்தார், அக்கா நடத்தை சரியில்லாததைப் பிடித்தார். இரண்டு பேரும் தங்கள் வேலையைக் கொண்டு படித்தார்கள். நான் பத்து வயதிலிருந்து கதைப் புத்தகம் படிக்கிறேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஏன் என்று ஒரு வாரம் யோசித்தேன்.

தியோ தன் கதையை எப்படித் தொடங்குகிறார் பாருங்கள். அப்பாவிடம் வாங்கிய அடி, பயந்து வளர்ந்த வீடு, சாகப் பார்த்தது, ரூத் என்ற சிகிச்சையாளர் கைதூக்கி விட்டது. அடிபட்டு எழுந்து வந்தவன், அதனால் அடுத்தவர் வலி இவனுக்குப் புரியும், அதனால் இவன் சொல்வது நிஜம். இந்த மூன்றையும் நான்தான் சேர்த்துக் கட்டினேன், புத்தகம் கட்டவில்லை. அவர் அழகாகப் பேசுகிறார், தன் தப்பையும் ஒத்துக்கொள்கிறார், மனைவி ஏமாற்றியதைச் சொல்லும்போது நமக்கே பாவமாக இருக்கிறது. அந்தப் பக்கம் அலிசியா ஒன்றும் சொல்வதில்லை. முன்னூறு பக்கத்துக்கு மேல் ‘இவள் ஏன் பேசமாட்டேன் என்கிறாள்’ என்று மட்டுமே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முடிவு தெரியாமல் படிக்கவேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

அல்செஸ்டிஸ் யார் என்று தம்பி தேடிச் சொன்னான். கி.மு. 438-ல் யூரிப்பிடிஸ் போட்ட நாடகம். அட்மீட்டஸ் என்ற ராஜாவுக்குச் சாவு நெருங்குகிறது, வேறு யாராவது அவனுக்காக உயிரைக் கொடுத்தால் பிழைக்கலாம் என்று ஒரு வரம். பெற்றவர்களைக் கேட்கிறான், மாட்டேன் என்கிறார்கள். மனைவி சரி என்கிறாள். அப்புறம் ஹெராக்ளிஸ் அவளைச் சாவிடமிருந்து மீட்டுக்கொண்டு வருகிறான், வந்தவள் பேசுவதில்லை, நாடகம் அப்படியே முடிகிறது. “நம்ம சாவித்திரி மாதிரில்லா இருக்கு” என்றார் அண்ணாச்சி. இல்லை, சாவித்திரியிடம் சத்தியவான் எதையும் கேட்கவில்லை. இங்கே அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அதுதான் கேப்ரியலும் செய்தது. “நெத்தில துப்பாக்கியை வச்சா யாரும் அதைத்தாம்மா சொல்லுவான்” என்று அண்ணாச்சி சொன்னபோது நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் நர்ஸ் அக்கா கீரைக்காம்பையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார், திரும்பி வரவும் கொஞ்ச நேரமானது. எனக்கென்னவோ அது சின்ன விஷயம் இல்லை. சிறுமியாக இருக்கும்போது அம்மா விபத்தில் செத்ததும், அவளுக்குப் பதில் இந்தப் பெண் செத்திருக்கக்கூடாதா என்று அப்பா சொன்னதைக் காதால் கேட்டவள் அலிசியா. கேப்ரியல் சொன்னது அவளுக்கு இரண்டாம் தடவை. முதல் தடவையே பாதி செத்தவள் என்று எடுத்துக்கொண்டால் அந்த ஐந்து குண்டும் ஏன் என்று எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. சரி என்று சொல்லவில்லை.

இப்போது அம்மாவின் கதை. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நான் எந்தப் புத்தகம் படித்தாலும் கதையைச் சொல்லவேண்டும். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது நான் தியோ கதையைத் தொடங்கினேன். புத்தகத்தில் வருகிற வரிசையிலேயே சொன்னேன், எதையும் மாற்றவில்லை. கேத்தியின் விஷயம் தெரிந்து தியோ பின்னால் போகும் இடத்துக்கு வந்தேன். அம்மா குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அது எப்போ நடந்துச்சு?”

“எப்போன்னா?”

“இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறமா, முந்தியா?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாலு பேர், ஒரு மாதம், ஒரே புத்தகம், இந்தக் கேள்வியை முடிவுக்கு முன்னால் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணாச்சிகூட முடிவு தெரிந்தபிறகுதான் தேதியைத் தேடினார். அம்மா எந்தக் கதையையும் அப்படித்தான் கேட்பார். எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் அதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கும். தாத்தா பிறந்தது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது, பெரியத்தை பிறந்தது ஊர் மெட்ராஸோடு சேர்ந்த வருடம், அதாவது 1956. மற்றதெல்லாம் ரயிலை வைத்து. புனலூர் மீட்டர் கேஜ் வண்டி நின்ற வருடம், அதாவது 2010. வண்டி மறுபடி ஓடின வருடம், 2018. அந்த எட்டு வருடத்துக்குள் நடந்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில் ‘வண்டி இல்லாதப்ப’.

சித்தி வீட்டுக்குத் திரும்பி வந்தது வண்டி நின்ற வருடம். புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. வந்தவர் எட்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. வேலையெல்லாம் செய்வார், சாப்பிடுவார், ராத்திரி என் பக்கத்தில்தான் படுப்பார், பேச்சு மட்டும் கிடையாது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆரியங்காவு வழியாக பஸ்ஸில் வந்து, திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு மனசு சரியில்லை மாமா, நான் எவ்வளவோ பார்த்துவிட்டேன் என்று சொல்லி அழுவார். நன்றாகப் பேசுவார். எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைத்தான் நம்பினோம், நானும்தான். உள்ளே போய்ச் சித்தியிடம் ‘பாவம் சித்தப்பா, பேசுங்களேன்’ என்று சொன்னது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்த பார்வையும். எட்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில், “குழாயை மூடு, தண்ணி போகுது” என்றார், அதுதான் முதல் பேச்சு. புனலூரில் என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. அதை இங்கே எழுதமாட்டேன், அது சித்தி சொல்லவேண்டியது.

அதனால்தான் கடைசி டைரிப் பக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேசப்போகிறாள் என்று தெரிந்ததும் தியோ அலிசியாவுக்கு மார்ஃபின் ஏற்றி நினைவிழக்கச் செய்துவிடுகிறார். முழுதாக மயங்குவதற்குள் அவள் எழுதி ஒளித்து வைத்த பக்கத்தை ஒரு போலீஸ் அதிகாரி தியோவிடமே படித்துக் காட்டுகிறார், வெளியே பனி விழுகிறது. திருப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அண்ணாச்சிக்கு அது அவசரமாக முடித்த மாதிரி இருக்கிறது. எனக்கு அந்த ஒரு இடம் போதும்.

அம்மாவுக்கு முடிவு வரைக்கும் சொன்னேன். “முந்தின்னு நான் சொன்னேன்ல” என்று ஒரு சத்தம் மட்டும். அப்புறம் பாத்திரத்தைத் துடைத்து அடுக்குகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் சித்தி வருகிறார், கொல்லத்திலிருந்து, ரயிலில். இப்போது அங்கேதான் வேலை. சாரல் நன்றாக இருக்கிறது, குற்றாலம் போகவேண்டும் என்று போனில் சொன்னார். அவள் வந்ததும் அந்தப் பேசாத பொண்ணு கதையைச் சொல்லு என்று அம்மா நேற்றிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார். சொல்லலாமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொன்னால், வரிசையை மாற்றிச் சொல்லவேண்டும். அந்த ராத்திரியை முதலில்.